குழந்தைக்குக் காய்ச்சல்: ரங்கூன் கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கிளினிக் பெஞ்சில் பாதிப் பேர் காய்ச்சல் குழந்தையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதேதான். அம்மா கேட்டதை மறுநாள் பாட்டி கேட்பார், அப்புறம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டரும் கேட்பார். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைப் பற்றிய அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் குழந்தை வந்தால் நான் முதலில் கேட்பது வயது. அடுத்துப் பார்ப்பது முகத்தையும் மூச்சையும். தெர்மாமீட்டர் எண் மூன்றாவதுதான். வீட்டிலும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

எத்தனை டிகிரி இருந்தா காய்ச்சல்னு எடுத்துக்கணும்?

ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 38 டிகிரி செல்சியஸ், நாம் பேசுகிற ஃபாரன்ஹீட் கணக்கில் 100.4. அக்குளில் வைத்தால் சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைவாகக் காட்டும். அதனால் அக்குளில் 37.5, அதாவது 99.5 வந்தாலே காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, சத்தம் வரும்வரை எடுக்காமல் இருங்கள். கண்ணாடிக்குள் பாதரசம் இருக்கும் பழைய தெர்மாமீட்டர் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

தெர்மாமீட்டர் இல்லாத வீடுகள் நிறைய. "ராத்திரி கொதிச்சுது சார்" என்று அம்மா சொன்னால், கிளினிக்கில் சூடு இல்லாவிட்டாலும் அதைக் காய்ச்சல் என்றே எழுதிக்கொள்கிறேன்.

தலை நெருப்பா சுடுது, கை கால் மட்டும் ஜில்லுன்னு இருக்கு. எதை நம்புறது?

தலையையும் வயிற்றையும் நம்புங்கள். காய்ச்சல் ஏறும் நேரத்தில் கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் அங்கே குளிர்ந்திருக்கும். கம்பளி போட்டுப் போர்த்தாதீர்கள். ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகும் கை கால் குளிர்ந்தே இருந்தால், தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால், அது வேறு கதை. ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எங்க பாப்பாவுக்கு 25 நாள்தான். 100.6 இருக்கு, ஆனா பால் குடிக்குது. காலையில கூட்டிட்டு வரட்டுமா?

இப்போதே போங்கள், எங்கள் கிளினிக்குக்கு அல்ல, குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு. ரங்கூனில் (இன்றைய பெயர் யாங்கோன்) இருப்பவர்கள் யாங்கோன் குழந்தைகள் மருத்துவமனைக்கோ யாங்கின் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகலாம். பிறந்து 28 நாளுக்குள் 38 டிகிரி வந்தால், குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றையும் பார்த்து, முடிவுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் தொடங்குவதுதான் முறை. இந்த வயதில் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தாலும் முதல் சில மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

ஒன்று முதல் மூன்று மாதம் வரை உள்ள குழந்தையையும் அன்றே டாக்டர் பார்க்கவேண்டும். நல்ல நிலையில் இருந்து பரிசோதனைகளும் சரியாக இருந்தால் சிலரை வீட்டுக்கு அனுப்பலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் டாக்டர், பக்கத்து வீட்டு அக்கா அல்ல. பால் குடிக்க மறுப்பது, தொட்டால்தான் அசைவது, முனகல், வலிப்பு, மூச்சு வேகம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். உடம்பு 35.5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து போவதும் சிசுக்களுக்குக் காய்ச்சலுக்குச் சமமான ஆபத்து. பாரசிட்டமால் கொடுத்து "இறங்குதா பார்ப்போம்" என்று இந்த வயதில் செய்யவே கூடாது.

பிரசவ வீடு, நல்லா போர்த்தி வச்சிருந்தோம். அதனால சுட்டிருக்கலாம் இல்லையா?

இருக்கலாம். கரண்ட் இல்லாத இரவில், காற்றில்லாத அறையில், மூன்று துணி சுற்றியிருந்தால் சிசுவின் உடம்பு சூடாகும். துணியைத் தளர்த்தி 15, 20 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் 38 என்றால் அது காய்ச்சல். இறங்கிவிட்டது, ஆனால் குழந்தை சோர்ந்திருக்கிறது என்றால் எண்ணைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பார்த்து முடிவெடுங்கள். போர்த்தாத குழந்தைக்கு ஒருமுறை 38 வந்திருந்தால், பிறகு தானாக இறங்கியதும் அந்த எண் இல்லாமல் போய்விடாது. மேலே சொன்ன பதிலே இதற்கும்.

முதுகுல ஊசி போட்டா கால் வராம போயிடும்னு சொல்றாங்களே?

இந்தப் பயத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிவந்தவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, நீர் நிறைந்த பையில். எடுப்பது சில துளிகள், உடம்பு அதைச் சில மணி நேரத்தில் மறுபடி சுரந்துவிடும்.

கால் வராமல் போவது, காது கேளாமல் போவது, வலிப்பு நிற்காமல் வருவது எல்லாம் மூளைக்காய்ச்சலைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் வருகிற விளைவுகள். "ஊசி போட்டாங்க, அப்புறம் கால் வரலை" என்று ஊரில் சொல்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அந்த நோய் முன்பே முற்றியிருக்கும். பெரியவர்களுக்குக் கழுத்து விறைப்பதை வைத்துச் சந்தேகிக்கலாம். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே மூளைக்காய்ச்சல் இருக்கலாம். அதனால்தான் அந்த நீரை எடுத்துப் பார்க்கிறார்கள்.

மூணு மாசம் தாண்டிட்டா பயமில்லையா?

பயம் குறையும், கவனம் குறையக்கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 39 டிகிரி, அதாவது 102.2 வந்தால் அன்றே காட்டுங்கள். அதற்கு மேற்பட்ட வயதில் எண்ணைவிடக் குழந்தையின் தோற்றம்தான் பேசும்.

குழந்தையைத் தொடுவதற்கு முன்பே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். அம்மா மடியில் இருந்தபடி என்னைப் பார்க்கிறதா, சாவிக்கொத்தை ஆட்டினால் கண் அதன் பின்னால் போகிறதா, அழுதால் பலமாக அழுகிறதா, தூக்கினால் அடங்குகிறதா, உதடு என்ன நிறம். காய்ச்சல் உச்சத்தில் எந்தக் குழந்தையும் வாடித்தான் இருக்கும். அதனால் பாரசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொல்கிறேன். அப்போது எழுந்து விளையாடினால் நல்ல அடையாளம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எழுப்பினாலும் கண் திறக்காதது, குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி புடைத்திருக்கிறது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், நெஞ்சு உள்ளே இழுக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தால் வயது எதுவானாலும் நேராக ஆஸ்பத்திரிதான். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் புள்ளி மறைகிறதா என்பது தெரியும்.

மூச்சு வேகமா இருக்குன்னு வீட்டுலயே எப்படி கண்டுபிடிக்கிறது?

சட்டையைத் தூக்கி, குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவா என்று பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் காய்ச்சலில்லாத ஒரு விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். இரண்டு மூன்று மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும், காய்ச்சல் இல்லை, மூச்சு வேகம், வாந்தி, அழும் குரல் கம்மிப்போயிருக்கிறது. அம்மா பத்தியம் என்று வெறும் சோறும் கொஞ்சம் உப்பும் சாப்பிட்டு வருகிறார். இது வைட்டமின் பி1 குறைவால் இதயம் தளர்வதாக இருக்கலாம். பர்மாவில் கைக்குழந்தைகள் இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருந்துவந்திருக்கிறது. பத்தியத்தைப் பற்றி டாக்டரிடம் தானாகவே சொல்லுங்கள். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்தில் தேறும் நோய் இது.

103 வந்துட்டுது, மூளையைத் தாக்கிடுமா?

தொற்றால் வரும் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. சாதாரண வைரஸே 104 வரை கொண்டுபோகும், ஆபத்தான தொற்று 101இல் நிற்கவும் செய்யும். மூடிய காருக்குள் விட்ட குழந்தைக்கு உடம்பு சூடேறுவது வேறு, அதுதான் உறுப்புகளைக் கெடுக்கும்.

பாரசிட்டமால் எத்தனை மில்லி கொடுக்கணும்?

வயதைக் கேட்டுச் சொல்லமுடியாது, எடையைக் கேட்டுத்தான் சொல்லமுடியும். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 8 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 80 முதல் 120 மில்லிகிராம்.

பாட்டில் லேபிளைப் படிக்காமல் கொடுப்பதில்தான் பெரிய ஆபத்து. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் உண்டு, 250 இருப்பதும் உண்டு, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தும் உண்டு. அதே 8 கிலோ குழந்தைக்கு முதல் சிரப்பில் 5 மில்லி சரி. சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம், நான்கு மடங்குக்கு மேல். கல்லீரல் தாங்காது. பயோஜெசிக் என்று கேட்டு வாங்குவதும் பாரசிட்டமால்தான். வேறு பெயரில் சளி மருந்துக்குள்ளும் அது இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஐபுப்ரோஃபென் மழைக்காலத்தில் டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை வேண்டாம். குழந்தை கொஞ்சம் தெம்பாகிப் பால் குடிக்கத்தான் இந்த மருந்தெல்லாம். சூட்டோடு விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்து வைத்து மருந்து புகட்ட வேண்டியதில்லை.

ஈரத்துணியால துடைக்கலாமா? தனக்கா பூசினா சூடு இறங்குமா?

மெல்லிய ஆடை, காற்றோட்டம், அடிக்கடி தாய்ப்பால், இவ்வளவு போதும். ஐஸ் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கூடாது: குழந்தை நடுங்கும், உள்சூடு ஏறும். ஆறு மாதத்துக்குள் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலையே கூட்டிக் கொடுங்கள். தனக்கா (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) காய்ச்சலை இறக்காது, கெடுதலும் இல்லை. ஆனால் டாக்டரிடம் வரும் அன்று முகத்திலும் மார்பிலும் பூசாமல் வாருங்கள், நிறமும் தடிப்பும் மறைந்துவிடுகின்றன.

காய்ச்சல்ல கண் செருகி, கை கால் இழுத்துக்கிச்சு. இனிமே வலிப்பு நோய்தானா?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு இப்படி வருவது 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு உண்டு. உடம்பு முழுவதும் இழுத்து, 15 நிமிஷத்துக்குள் நின்று, ஒரே நாளில் திரும்ப வராமல், பிறகு குழந்தை பழையபடி ஆகிவிட்டால் மூளைக்குச் சேதமில்லை. மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரலாம். முன்கூட்டியே பாரசிட்டமால் கொடுத்தாலும் அதைத் தடுக்கமுடியாது, அதனால் உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் ஸ்பூன், விரல், வெங்காயச்சாறு எதுவும் வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டினால் வண்டி ஏற்றிவிடுங்கள். முதல் தடவை என்றால் நின்றுவிட்டாலும் அன்றே காட்டவேண்டும். ஆறு மாதத்துக்குள் வந்தால் இதைக் காய்ச்சல் வலிப்பு என்று நினைக்கக்கூடாது, மூளைக்காய்ச்சல் இல்லையென்று நிரூபிக்கவேண்டும். தடுப்பூசி போடாத ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அந்தச் சந்தேகம் வலுவாக இருக்கும்.

பல் முளைக்குது, அதனாலதான் காய்ச்சல்னு அத்தை சொல்றாங்க.

பல் முளைக்கும்போது எச்சில் வடியும், சிணுங்கும், லேசாகச் சூடு தெரியும். 38 டிகிரி தாண்டினால் காரணம் பல் இல்லை.

தடுப்பூசி போட்ட அன்னிக்கு காய்ச்சல் வந்துச்சு. அடுத்த ஊசியை விட்டுடலாமா?

விடாதீர்கள். ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் அடங்கும். தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து வரலாம். இரண்டு மாத ஊசி போட்ட குழந்தைக்கு 38 வந்தால், வயதைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பர்மாவில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி 2012லும், நிமோகாக்கஸ் ஊசி 2016லும் அட்டவணைக்கு வந்தன. 2, 4, 6 மாதங்களில் அவற்றைப் போட்ட குழந்தைக்கு ரத்தத்திலோ மூளையிலோ கிருமி புகும் வாய்ப்பு மிகவும் குறைவு. 2021க்குப் பிறகு பல ஊர்களில் ஊசி தடைபட்டதால் ஒன்றுமே போடாத குழந்தைகள் வருகிறார்கள். அவர்களுக்கு அதே காய்ச்சலில் நாங்கள் கூடுதலாகப் பரிசோதிக்கிறோம், சீக்கிரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். ஊசி அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், தொலைந்திருந்தால் ஊசி போட்ட சயாமாவிடம் (நர்ஸம்மாவிடம்) கேட்டு வாருங்கள்.

சளி இல்ல, இருமல் இல்ல, நல்லாத்தான் இருக்கு. எதுக்கு மூத்திரம் கேக்குறீங்க?

காரணம் தெரியாத காய்ச்சலில் இரண்டு வயதுக்குள் கிடைக்கும் பாக்டீரியா தொற்றுகளில் முதலிடம் சிறுநீர்த் தொற்றுக்குத்தான். பெண் குழந்தைகளுக்கும், சுன்னத்து செய்யாத ஆண் சிசுக்களுக்கும் இன்னும் அதிகம். எரிகிறது என்று குழந்தை சொல்லாது. காய்ச்சல், வாந்தி, பால் மறுப்பு மட்டுமே தெரியும்.

எடுக்கும் விதம் முக்கியம். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோல் கிருமி கலந்துவிடும். பை சிறுநீர் சுத்தமாக இருந்தால் நம்பலாம், கிருமி தெரிந்தால் மட்டும் நம்பமுடியாது. கழுவித் துடைத்து, நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடிப்பது நல்லது. பால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கிடைக்கும். அவசரமென்றால் மெல்லிய குழாய் விட்டு எடுப்போம். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பு எடுத்துவிடவேண்டும்.

காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா குழந்தை இன்னும் சோர்வாவே இருக்கு. டெங்கு சரியாயிட்டா இப்படித்தானா?

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரங்கூன் 1970லேயே ரத்தக்கசிவு டெங்குவின் பெரிய பரவலைப் பார்த்த ஊர், அப்படியிருந்தும் "சூடு இறங்கிட்டுது" என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், படுத்தே கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, கை கால் குளிர்வது: எது தெரிந்தாலும் கிளம்புங்கள்.

கைக்குழந்தைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அம்மாவுக்கு முன்பு டெங்கு வந்திருந்தால், அவரிடமிருந்து கிடைத்த எதிர்ப்புப் பொருள் குறைந்துவரும் 4 முதல் 9 மாத வயதில், முதல் தொற்றே கடுமையாகலாம். என்எஸ்1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை முதல் நாட்களில் பயன்படும். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று ஆகாது. தட்டணு (பிளேட்லெட்) குறைவதோடு ரத்தம் கெட்டியாகிறதா என்பதையும் பார்க்கத்தான் தினமும் ரத்தம் எடுக்கிறோம். "ஒரு பாட்டில் ட்ரிப் ஏத்துங்க" என்று வற்புறுத்தாதீர்கள், அளவு மீறினால் நீர் நெஞ்சில் கோர்க்கும்.

கடையில நாலு மாத்திரை கலந்து கொடுத்தாங்க, உடனே இறங்கிட்டுது. நீங்க ஊசி கூட போடலையே?

அந்தப் பொட்டலத்தில் சில நேரம் ஸ்டீராய்டு இருக்கும். சூட்டையும் வலியையும் மறைக்கும், நோய் உள்ளே வளரும். அரைகுறை ஆன்டிபயாடிக்கும் இருந்தால், மூளைக்காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ பரிசோதனையில் பிடிபடாமல் போகும். பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள், திட்டமாட்டோம். நாட்டுப் பொடிகளும் அப்படித்தான்: சிலவற்றில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசி போடாமல் அனுப்புவதும் வைத்தியம்தான்.

உடம்பெல்லாம் பொரிஞ்சிருக்கு. ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க.

வேப்பிலை வையுங்கள், வேண்டுதலும் செய்யுங்கள், கூடவே குழந்தையையும் காட்டுங்கள். மூன்று நான்கு நாள் காய்ச்சல் அடித்து, அது விட்ட பிறகு பொரிந்து, குழந்தை தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தானே போகும் வைரஸ். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமலோடு முகத்திலிருந்து கீழே இறங்கும் தடிப்பு தட்டம்மை. அதற்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். தட்டம்மையென்று சந்தேகம் வந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள், கூட்டத்தில் உட்காரவேண்டாம்.

நல்லாத்தான் இருக்கு, ஆனா காய்ச்சல் விட்டு விட்டு வருது. எத்தனை நாள் பார்க்கலாம்?

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, தெளிவான குழந்தை என்றால் இரண்டு நாள். மூன்றாம் நாள் மறுபடி காட்டுங்கள். ஐந்து நாள் தாண்டினால், கண் சிவப்பு, உதடு வெடிப்பு, கை கால் வீக்கம் இருக்கிறதா என்று ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் கவாசாகி நோயையும் சேர்த்துத் தேடவேண்டும்.

எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ரங்கூன் நகருக்குள் மலேரியா பிடிப்பது அரிது. காயின், தனிந்தாரி, ரக்கைன் பக்கம் காட்டோர ஊருக்கு உறவு வீட்டுக்குப் போய்வந்திருந்தால், முதல் நாளே விரல் குத்திப் பார்க்கவேண்டும். ஒருவகை மலேரியா மாதங்கள் கழித்தும் திரும்ப வரும்.

சார், பத்து மாசக் குழந்தை, ஆறு மணி நேரமா 39.4. ரத்தம், சிஆர்பி எல்லாம் நார்மல். வீட்டுக்கு அனுப்பிடலாமா?

இது இளம் டாக்டர்கள் கேட்பது. ஆறு மணி நேரத்தில் சிஆர்பி (தொற்று வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) ஏறியிருக்கவே நேரமில்லை, அது நார்மல் என்பது இன்னும் எதையும் சொல்லவில்லை. சிறுநீர் பார்த்தாயா, காதும் தொண்டையும் பார்த்தாயா, மூச்சை முழு நிமிஷம் எண்ணினாயா, ஊசி அட்டை இருக்கிறதா, அம்மாவுக்கு மனசு சமாதானமாக இருக்கிறதா? "இது வழக்கமா வர்ற காய்ச்சல் மாதிரி இல்ல" என்று அம்மா சொன்னால், நான் ரத்த ரிப்போர்ட்டைவிட அதை நம்புவேன்.

எல்லாம் சரியென்றால் அனுப்பலாம். ஆனால் வீடு எவ்வளவு தூரம், ராத்திரி வண்டி கிடைக்குமா, போன் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டு அனுப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தலாவில் வீடு, இரவில் கடக்கமுடியாது என்றால், இந்தப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கச் சொல் அல்லது ஆஸ்பத்திரியில் சேர். "சரியாகலைன்னா வாங்க" என்று மொட்டையாகச் சொல்லாதே. எந்த அறிகுறி வந்தால், எங்கே போகவேண்டும், ஒன்றும் வராவிட்டாலும் நாளைக்கு எத்தனை மணிக்குத் திரும்ப வரவேண்டும் என்று அவர்கள் படிக்கும் மொழியில் எழுதிக் கொடு. வரவில்லையென்றால் நீயே போன் பண்ணிக் கேள்.